அம்மா ஓடலாமா?

"ஓட்டம்" என்ற சொல்லுக்கு வலிகாமம் வடக்கு மக்களிடம் நெடுங்காலமாக ஒரு பொருள்தான் இருந்து வந்திருக்கிறது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது பலாலி, மயிலிட்டி, வசாவிளான், காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் ஓடினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு முழு வலிகாமமுமே மழைக்குள் நாவற்குழிப் பக்கம் நடந்தது. அதற்குப் பின் வன்னிக்குப் போனவர்கள் 2009 வரை ஓடிக்கொண்டே இருந்தார்கள். இப்படி ஓடிய பெண்களைப் பார்த்து இன்று வைத்தியர் "அம்மா, நீங்கள் விடிய எழும்பிக் கொஞ்சம் வேகமாக நடக்கவேணும், ஏலுமெண்டால் மெல்ல ஓடவேணும்" என்று சொல்கிறார். அவர்களுக்குச் சிரிப்பு வருகிறது. சிலருக்குக் கோபமும் வருகிறது.

"பாதர், ஓடினது காணாதோ? இனியும் ஓடச் சொல்லுறியளோ?" என்று அளவெட்டியில் வாழும் ஒரு தாய் கேட்டார். மயிலிட்டிப் பக்கத்தில் பிறந்து, பல வளவுகள் மாறி, இப்போது ஒரு சிறு வீட்டில் இருப்பவர். வயது ஐம்பதை நெருங்குகிறது. மூன்று பிள்ளைகள். சீனி வருத்தம் தொடங்கிவிட்டது, பிரஷரும் உண்டு. கிளினிக் கொப்பியில் நிறை 74 கிலோ என்று எழுதியிருக்கிறது. அவருடைய கேள்வி நியாயமானது. அதற்கு ஒரு விடை சொல்லலாமென்றே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கேள்வி. நம் தாய்மாருக்கு நிறை எங்கிருந்து வந்தது? "சாப்பாடு கூடிப்போச்சு, சோம்பல் கூடிப்போச்சு" என்று ஆண்கள் சொல்வார்கள். அது உண்மையல்ல. செம்மண் தோட்டம் இருந்த காலத்தில் ஒரு பெண்ணின் ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியப்புறம் கிணற்றில் பத்து இருபது வாளி தண்ணீர். பிறகு வெங்காயப் பாத்தியில் குந்தியிருந்து களை பிடுங்கல். கடகத்தில் எரு சுமத்தல், மிளகாய்க் கன்றுக்கு மண் அணைத்தல், புகையிலைக்குக் கெட்டு முறித்தல். வீட்டுக்கு வந்தால் உரலும் உலக்கையும் அம்மியும். மாடு, ஆடு, விறகு. இந்த வேலைக்கெல்லாம் ஏற்ற அளவு சோறும் புட்டும் அவர் உண்டார். தோட்டம் போனபோது வேலையும் போனது, உண்ணும் முறை மட்டும் போகவில்லை. முகாமில் என்ன வேலை? நிவாரண அட்டைக்கு அரிசியும் கோதுமை மாவும் பருப்பும் சீனியும் தந்தார்கள். மரக்கறியும் மீனும் காசுக்குத்தான். மலிந்தது மாவும் சீனியும் என்றால் வயிறு அதைக்கொண்டுதான் நிரம்பும். காணிகள் 2010க்குப் பின் கட்டங்கட்டமாக விடப்பட்டன. மயிலிட்டித் துறைமுகம் 2017 ஜூலையில் விடப்பட்டது. ஆனால் திரும்பிப் போனவர்களுக்கும் பழைய தோட்டம் அப்படியே திரும்பவில்லை. பற்றைக் காடும் இடிந்த கிணறும்தான் கிடைத்தன. இன்னும் விடப்படாத காணிக்காரர் கதை வேறு. இதற்கிடையில் மோட்டர் தண்ணீர் இறைக்கிறது, மிக்சி அரைக்கிறது, மில்லில் மா இடித்து வருகிறது. இவற்றைக் குறை சொல்ல மாட்டேன். உலக்கை பிடித்துத் தோள் தேய்ந்த பெண்ணிடம் மீண்டும் உலக்கையைப் பிடி என்று சொல்ல எந்த ஆணுக்கும் உரிமையில்லை. ஆனால் உடலுக்குக் கிடைத்த வேலை நின்றுவிட்டது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்தாருக்கு இன்னொரு காலமும் நினைவிருக்கும். 1990 முதல் 1995 வரை பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. எல்லோரும் சயிக்கிள். ஆசிரியரும் சயிக்கிளில், மாப்பிள்ளையும் சயிக்கிளில், சில வேளை பிரேதப் பெட்டியும் சயிக்கிளில். அக்காலத்தில் கொழுத்த ஆளைக் காண்பது அரிது. இதே ஆண்டுகளில் உலகின் மறுபக்கத்தில் கியூபா நாட்டிலும் இதே நிலைமை இருந்தது. சோவியத் ஒன்றியம் உடைந்ததால் எண்ணெயும் உணவும் வரவில்லை. மக்கள் நடந்தார்கள், சயிக்கிள் ஓடினார்கள், அளவாக உண்டார்கள். அந்த ஐந்தாண்டில் சராசரியாக ஆளுக்கு ஐந்தரைக் கிலோ நிறை குறைந்ததென்றும், அதன்பின் சில ஆண்டுகளுக்குச் சீனி வருத்தத்தாலும் இருதய நோயாலும் இறப்பது குறைந்ததென்றும் 2013இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் ஆய்வாளர் எழுதினார்கள். பொருளாதாரம் தலையெடுத்தபோது நிறை திரும்ப ஏறியது, நீரிழிவும் திரும்ப ஏறியது. பட்டினியைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. பொருளாதாரத் தடையால் இங்கே மருந்தின்றி இறந்தவர்களை நாம் அறிவோம். ஆனால் ஐந்தாறு கிலோ என்ற சிறிய மாற்றமே ஒரு நாட்டின் சாவுக் கணக்கை மாற்றியது என்பது கவனிக்க வேண்டிய செய்தி. முப்பது கிலோ குறைக்க வேண்டுமென்று யாரும் மலைக்கத் தேவையில்லை. 74 கிலோ உள்ள தாய் நாலு ஐந்து கிலோ குறைத்தாலே உடம்புக்குள் பெரிய மாற்றம் நடக்கும்.

நம் நாட்டு நிலை என்ன? 2018–2019இல் இலங்கை முழுவதும் செய்த ஓர் ஆய்வில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 23 பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கண்டார்கள். மேலும் நூற்றுக்கு முப்பது பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். வாசலில் நிற்பவர்களைப் பற்றித்தான் சென்னையில் வைத்தியர் இராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு செய்தார்கள். அதன் முடிவு 2006இல் வெளிவந்தது. 531 பேரைத் தெரிந்தெடுத்து, ஒரு பகுதியினருக்கு வழமையான அறிவுரை மட்டும் சொன்னார்கள். இன்னொரு பகுதியினரைத் தினமும் அரை மணிநேரம் வேகமாக நடக்கவும், சீனியையும் வெள்ளை மாவையும் எண்ணெயையும் குறைக்கவும் வைத்தார்கள். ஏறத்தாழ மூன்று ஆண்டுகளில் முதற் பகுதியில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவுக்காரர் ஆகிவிட்டார்கள். நடந்தவர்களில் 39 பேர். நம்மைப் போன்ற உடம்பும் நம்மைப் போன்ற சோற்றுப் பழக்கமும் உள்ள மக்கள் அவர்கள். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்த விடயம் ஒன்று உண்டு. நடந்தவர்களுக்கு நிறை பெரிதாகக் குறையவே இல்லை. ஆனாலும் நோய் வருவது குறைந்தது. ஆகவே இரண்டு மாதம் நடந்தும் தராசு அசையவில்லை என்று மனமுடைந்து நிறுத்துகிற தாய்மார் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும். தராசுக்குத் தெரியாத வேலை உள்ளே நடக்கிறது. இன்னோர் அளவையும் பாருங்கள்: தையற்காரரின் நாடாவால் இடுப்பைச் சுற்றி அளந்து பாருங்கள். நம் இனத்துப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம், தாண்டினால் கவனம் வேண்டும். ஆண்களுக்கு 90. சாரத்தை வயிற்றுக்குக் கீழே இறக்கிக் கட்டி அளப்பது கணக்கில்லை.

சீனிக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். நம் வீடுகளில் விடிய ஒரு தேத்தண்ணி, பத்து மணிக்கு ஒன்று, ஆள் வந்தால் ஒன்று, பின்னேரம் ஒன்று, இரவில் ஒன்று. ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. ஒரு கரண்டி ஐந்து கிராம் என்றால் நாளைக்கு 50 கிராம். மாதத்திற்கு ஒன்றரைக் கிலோ சீனி ஒரு ஆள் குடிக்கிறார். அந்த 50 கிராமில் உள்ள 200 கலோரியை எரிக்க அரை மணி நடை போதாது. ஆகவே நடையை மட்டும் நம்பி இருக்க முடியாது. தேத்தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. பனங்கட்டி கடித்துக் குடிக்கலாமோ என்று கேட்பார்கள். பனங்கட்டியும் சீனிதான், ஆனால் கடித்துக் குடிக்கிறபோது சிறு துண்டோடு முடிந்துவிடும் என்பதால் அது ஓரளவு நல்லது. நீரிழிவுக்காரருக்கு அதுவும் வேண்டாம். புட்டை நிறுத்தத் தேவையில்லை. வெள்ளை மாவுக்குப் பதில் தவிட்டுச் சிவப்பரிசி மாவிலோ குரக்கன் மாவிலோ அவித்து, கோப்பையில் பாதிக்கு முருங்கையிலை வறை, கத்தரிக்காய், பயிற்றங்காய் என்று போட்டால் மீதிப் பாதிக்குத்தான் புட்டுக்கு இடமிருக்கும். பிள்ளைகள் மிச்சம் வைத்ததைக் கொட்ட மனமில்லாமல் தாய் உண்பது இன்னொரு பெரிய காரணம். பஞ்சம் கண்டவர்களுக்கு உணவைக் கொட்ட மனம் வராது என்பது எனக்குத் தெரியும். கோழிக்குப் போடலாம். தவக்காலத்தில் மத்தியானம் வரை ஒருசந்தி இருந்துவிட்டு ஒரு மணிக்கு இரண்டு பேர் சோற்றை ஒன்றாக உண்கிற பக்தைகளும் இதைக் கவனிக்கலாம்.

இனி ஓடும் விடயத்துக்கு வருவோம். தாய்மார் ஓடுவது வெள்ளைக்காரர் பழக்கம் என்று நினைப்போர் உண்டு. வெள்ளைக்காரரும் ஒரு காலத்தில் நம்மைப் போலத்தான் பேசினார்கள். 1928இல் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீற்றர் ஓட்டம் வைத்துவிட்டு, பெண்ணுடல் தாங்காது என்று 1960 வரை அதை எடுத்துவிட்டார்கள். 1948இல் லண்டனில் இரண்டு பிள்ளைகளின் தாயான ஒல்லாந்துப் பெண் பனி பிளாங்கர்ஸ்-கோவன் முப்பது வயதில் ஓட வந்தபோது, வயது போய்விட்டது, வீட்டில் பிள்ளைகளைப் பார்க்கலாமே என்று பேசினார்கள். அவர் நாலு தங்கப் பதக்கத்தோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தார். நம் பக்கத்திலும் விளையாட்டுப் பெருமைக்குக் குறைவில்லை. அளவெட்டிக்கு அயலிலுள்ள பெரியவிளானைச் சேர்ந்த எதிர்வீரசிங்கம் 1958இல் டோக்கியோவில் உயரம் பாய்ந்து ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டுவந்தார். ஆனால் அக்காலத்து அவருடைய ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியோடு ஓட்டத்தை முடித்துக்கொண்டார்கள். தாலி ஏறியபின் பெண் ஓடினால் அது மாட்டுக்குப் பின்னால் ஓடுவதாகத்தான் இருக்க வேண்டும்.

இந்தக் கணக்கை 2023இல் முல்லைத்தீவு முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி என்ற தாய் மாற்றினார். பிலிப்பைன்ஸ் நாட்டில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குத் தன் 72ஆவது வயதில் போய், 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் பெற்றார். வேறு பதக்கங்களும் பெற்றார். போர் மிகக் கொடுமையாக உழுத மண்ணிலிருந்து போனவர். அவருடைய படத்தைப் பத்திரிகையில் பார்த்துவிட்டு அளவெட்டியில் ஒரு அம்மம்மா சொன்னார்: "என்னிலும் மூத்தவ ஓடியிருக்கிறா. எனக்கு முழங்கால் நோ எண்டு நான் சங்கக்கடைக்குக்கூட ஓட்டோ பிடிக்கிறன்." அவரை நான் ஓடச் சொல்லவில்லை. சங்கக்கடைக்கு நடந்து போகச் சொன்னேன்.

நடப்பது நம் பெண்களுக்குப் புதிதுமல்ல. செல்வச்சந்நிதியில் தொடங்கிக் கதிர்காமம் வரை பாத யாத்திரை போகிறவர்களில் நரைத்த தலைகளும் பெண்களும் எத்தனை பேர் என்று பாருங்கள். நேர்த்திக்கு நடந்தால் ஊர் கும்பிடுகிறது. சுகத்துக்கு நடந்தால் ஏன் சிரிக்கிறது என்பது எனக்கு விளங்கவில்லை. 2011இல் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலை கட்டுவதற்கென்று தெற்கே தேவேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை 670 கிலோ மீற்றர் தூரத்தை 27 நாளில் நடந்து காசு சேர்த்தார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்று வழி நெடுகச் சேர்ந்து நடந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இன்று நம்மவர்கள் வைத்தியம் பெறுகிறார்கள். அளவெட்டியிலிருந்து அது எட்டும் தூரம்.

தொடங்கும் முறை எளிது. அதற்கு முன் தெல்லிப்பழையிலோ கிட்டிய அரச வைத்தியசாலையிலோ பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களுக்கு இதை இலவசமாகவே செய்கிறார்கள். நெஞ்சு நோ, படியேறினால் மூச்சு முட்டல், தலைச்சுற்று இருந்தால் வைத்தியரைக் கேளாமல் ஓட வேண்டாம். சீனிக் குளிசையோ ஊசியோ எடுப்பவர்கள் மடியில் இரண்டு ரொபி வைத்திருங்கள். வியர்த்து நடுங்கினால் உடனே வாயில் போடுங்கள். நடக்கத் தொடங்கியதும் குளிசையை நிறுத்துகிறவர்கள் உண்டு. அதைச் செய்யாதீர்கள். குறைப்பதோ நிறுத்துவதோ வைத்தியர் வேலை.

முதல் மாதம் நடை மட்டும். கதைக்க முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அதுதான் சரியான வேகம். பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணிக்கு வாருங்கள். கிழமையில் ஐந்து நாள் போதும். அடுத்த மாதம், ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த கம்பம் வரை மெல்ல ஓடி, பிறகு மூன்று கம்பம் நடவுங்கள். அதுவும் பழகியபின் இரண்டு கம்பம் ஓட்டம், இரண்டு கம்பம் நடை. ஓட்டம் என்றால் பிள்ளைகள் ஓடுகிற ஓட்டமல்ல. பின்னால் வருகிறவர் வேகமாக நடந்தால் எட்டிப் பிடிக்கிற அளவு போதும். குந்தியிருந்து களை பிடுங்கி முழங்கால் தேய்ந்தவர்கள் ஓடவே வேண்டாம். அவர்களுக்குச் சயிக்கிள் நல்லது. பிள்ளையின் பழைய லுமாலா மூலையில் துருப்பிடிக்கிறதென்றால் எண்ணெய் விட்டு எடுங்கள். ஓடுகிறவர்களுக்குப் பாட்டாச் செருப்பு ஆகாது. பின்னால் பட்டியுள்ளதோ, பிள்ளையின் பழைய கன்வஸ் சப்பாத்தோ, காலுக்கு அளவாக இருந்தால் போதும். சீனி வருத்தக்காரர் வந்ததும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். கொப்புளம் தெரியாமலே புண்ணாகிக் காலை எடுத்த குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

ஒரு விடயத்தைக் குருவானவர் எழுதுவதா என்று சிலர் நினைக்கலாம். எங்கள் மகளிர் குழுவில் ஒரு குடும்பநல மாது சொன்னதால் எழுதுகிறேன். பிள்ளை பெற்ற பெண்கள் பலர் ஓடாததற்குக் காரணம் வெட்கமோ நேரமின்மையோ அல்ல. ஓடினால், இருமினால், சிறுநீர் கசிகிறது. இதை யாரிடமும் சொல்வதில்லை, கணவனிடம்கூட. இது நோய்தான், வெட்கமல்ல. பெரும்பாலும் பயிற்சியாலேயே குறையும். சிறுநீரை அடக்கும்போது இறுக்குகிற தசையைப் பத்து வரை எண்ணி இறுக்கித் தளர்த்துவது, நாளில் மூன்று தடவை, மூன்று மாதம். அடுப்படியில் நின்றும் செய்யலாம். குணமில்லாவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நேரத்துக்கு எங்கே போவது? இதுதான் உண்மையான தடை. விடிய நாலரைக்கு எழும்பி, இடியப்பம் அவித்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கூலி வேலைக்கோ ஆடு மாட்டுக்கோ ஓடுகிற தாயிடம் "உனக்கென்று அரை மணிநேரம் எடு" என்று சொல்வது எளிது. அந்த அரை மணிநேரத்தை வேறொருவர் கொடுக்க வேண்டும். அந்த வேறொருவர் வீட்டில்தான் இருக்கிறார். பெரும்பாலும் பத்திரிகை படித்துக்கொண்டு தேத்தண்ணிக்குக் காத்திருக்கிறார். தேங்காய் துருவுவது ஆண்களுக்கு முடியாத வித்தையல்ல. மனைவி பாரிசவாதத்தில் விழுந்தபின் சமைக்கப் பழகிய ஆண்களை நான் அறிவேன். முன்னரே பழகியிருக்கலாம்.

இடமும் வேண்டும். அளவெட்டியின் செம்மண் ஒழுங்கைகள் விடியற்காலை நடைக்கு நல்லவை, நாய்களைத் தவிர. மூன்று நாலு பேராகப் போனால் நாயும் அடங்கும், ஊர் வாயும் அடங்கும். கையில் ஒரு பூவரசந்தடி இருக்கட்டும். கும்பிழாவளைப் பிள்ளையார் கோவில் வீதி, பள்ளிக்கூட மைதானங்கள், எங்கள் தேவாலய வளவுகள் எல்லாம் காலையில் சும்மாதான் கிடக்கின்றன. பொறுப்பானவர்களைக் கேட்டுப் பயன்படுத்தலாம். புதிதாக விடப்பட்ட பக்கங்களுக்கு நடக்கப் போகிறவர்கள் பாவனையிலுள்ள பாதையை விட்டுப் பற்றைக்குள் இறங்க வேண்டாம். மிதிவெடி அகற்றியதாக அறிவித்த இடம் எதுவென்று கிராம அலுவலரிடம் கேளுங்கள்.

2025 ஏப்ரலில் பலாலி–வசாவிளான் வீதியை முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின் மக்களுக்குத் திறந்தார்கள். திறந்தபோது நிபந்தனைகளும் வைத்தார்கள். அவற்றில் ஒன்று, அந்த வீதியில் வாகனத்தில் போகலாம், நடந்து போகக்கூடாது என்பது. அந்தப் பலகைச் செய்தி கேட்டபோது, முதலில் சொன்ன அந்தத் தாய் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வைத்தியர் நடக்கச் சொல்லுறார், பலகை நடக்காதே எண்டுது. என்ர பள்ளிக்கூடம் போன றோட்டு அது, பாதர்" என்றார். அவர் சிறுமியாக அந்த வீதியில் ஓடிப் பள்ளிக்கூட மணிக்கு முன் போய்ச் சேர்ந்தவராம். யாருக்கும் பயந்து ஓடியதல்ல, தங்கையை முந்துவதற்காக ஓடியது.

அவர் இப்போது நடக்கத் தொடங்கியிருக்கிறார். ஐந்து பேர் சேர்ந்து போகிறார்கள். ஓட்டம் இன்னும் இரண்டு மின்கம்பத் தூரம்தான். நாலு மாதத்தில் நிறை இரண்டு கிலோ குறைந்திருக்கிறது, சாப்பாட்டுக்கு முன் பார்த்த சீனியும் இறங்கியிருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழைக்கு ஒழுங்கை முழுவதும் சேறாகிவிடும் என்பதால் அந்த மாதங்களில் எங்கே நடப்பது என்று இப்போதே பேசிக்கொண்டிருக்கிறார்கள். சன சமூக நிலைய மண்டபத்தைக் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை கேட்டிருக்கிறார்கள். திறப்பை யார் வைத்திருப்பது என்பதில்தான் இன்னும் இணக்கம் வரவில்லை.